பீஸ் லில்லியும் மூன்று லிட்டர் தண்ணீரும்

முதலில் தொங்கியவை வெளிப்புற இலைகள். பிரித்து நட்ட மூன்றாம் நாள் காலை அவை தொட்டியின் விளிம்பைத் தாண்டி மடங்கிக் கிடந்தன. ஆறாம் நாள் எல்லா இலைகளும் தொய்ந்து படுத்துவிட்டன. நடுக்குருத்து மட்டும் பிடிவாதமாக நின்றது. படுக்கையறை ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் நின்று என் கணவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகக்கவசம் போட்டிருந்ததால் கண்கள் மட்டும்தான் தெரிந்தன.

"படுத்துருச்சு மெர்சி," என்றார்.

"எந்திரிச்சுரும்ங்க," என்றேன். எந்த ஆதாரமும் இல்லாமல் சொன்னேன். அந்த நாட்களில் நான் நிறையப் பேருக்கு அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதற்கு நாற்பத்தைந்து நாட்களுக்கு முன்புதான் என் இடது சிறுநீரகத்தை எடுத்து அவருக்குப் பொருத்தியிருந்தார்கள். வீட்டில் நாங்கள் இரண்டு நோயாளிகள், எங்களைப் பார்த்துக்கொள்ள எங்கள் மகள் ஷைனி. பால்கனியில் மூன்றாவது நோயாளி.

மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்ட ஒருவரும், அவர் ஆசையாக வளர்த்த தொட்டிச் செடி ஒன்றும் இருக்கிற வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். அப்படிப்பட்ட வீடுகள் நான் நினைத்ததைவிட அதிகம் என்பதை மருத்துவமனை நடைபாதையில் உட்கார்ந்திருந்த நாட்களில் தெரிந்துகொண்டேன்.

நாங்கள் இருப்பது சேலையூரில், இரண்டாவது மாடியில் ஒரு சின்ன ஃபிளாட். நான் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. என் கணவர் எட்வின் ஓரகடத்தில் வண்டி உதிரி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதகர். ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் பாகத்தைத் திருப்பி அனுப்புகிறவர், தன் கால் வீங்கியதை மட்டும் கவனிக்கவில்லை. ஷூ சுருங்கிவிட்டது என்று சொல்லி, குரோம்பேட்டைக்குப் போய் ஒரு நம்பர் பெரிய ஷூ வாங்கி வந்தார். அதுவும் பிடிக்கத் தொடங்கியபோதுதான் இரத்தப் பரிசோதனைக்குப் போனோம். கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற முடியாமல் இரத்தத்தில் தங்கும் கழிவு) எகிறிப்போயிருந்தது. அவருடைய இரண்டு சிறுநீரகங்களும் சுருங்கிவிட்டன என்று ஸ்கேன் சொன்னது.

பிறகு மூன்று வருடங்கள் டயாலிசிஸ் (இரத்தத்தை வெளியே எடுத்து இயந்திரத்தில் சுத்தம் செய்து உடம்புக்குள் திருப்பி அனுப்புவது). வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம்.

ஊசி வலி பழகிவிடும் என்றார்கள், பழகிவிட்டது. பழகாதது தாகம். சிறுநீர் பிரியாத உடம்பில் குடிக்கிற தண்ணீர் எல்லாம் நுரையீரலில் போய்த் தேங்கும். ஆகவே ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்தான். அதற்குள் காபி, ரசம், மாத்திரைக்கு விழுங்கும் தண்ணீர் எல்லாம் அடக்கம். காலையில் ஒரு பாட்டிலை நிரப்பி மேசையில் வைப்பேன். மாலைக்குள் அது தீர்ந்துவிட்டால் ஐஸ் கட்டி ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை திருவிருந்தில் கொடுக்கும் ஒரு மிடறு திராட்சரசத்தைக்கூட விடவில்லை. "இதையும் பாட்டில்ல கழிச்சுரு மெர்சி," என்று சர்ச் வாசலிலேயே சொல்லுவார். சிரித்துக்கொண்டேதான் சொல்லுவார்.

அந்த பீஸ் லில்லி அவருடையது. அகலமான கரும்பச்சை இலைகளுக்கு நடுவே ஒரே வெள்ளை மடலாகப் பூக்கும் செடி. ஷைனி ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருடம் ஜி.எஸ்.டி. ரோடு ஓரத்தில் வாங்கி வந்தார். ஹாலில் ஜன்னல் பக்கம் அது ஒரு பெரிய புதராக நின்றது. யாரும் அதற்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது. அவர்தான் ஊற்றுவார். சுட்டுவிரலை இரண்டாவது கணு வரைக்கும் மண்ணுக்குள் விட்டுப் பார்ப்பார். காய்ந்திருந்தால் ஊற்றுவார், ஈரம் இருந்தால் அடுத்த நாள்.

டயாலிசிஸ் வருடங்களிலும் அந்த வழக்கத்தை அவர் விடவில்லை. ஊற்றும்போது அவர் தொண்டை அசையும். நான் சமையலறையில் ஏதோ வேலை இருப்பது போலத் திரும்பிக்கொள்வேன்.

கடைசியில் எனக்கும் அவருக்கும் பொருந்தியது. ஒரே இரத்த வகை. கிராஸ் மேட்ச் (அவர் உடம்பு என் உறுப்பை உடனே எதிர்க்குமா என்று பார்க்கும் சோதனை) சரியாக வந்தது. அறுவை சிகிச்சைக்கு முன்பு டாக்டர் எங்களை உட்காரவைத்து ஒரு பட்டியல் சொன்னார். மாத்திரை பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, நேரம் தவறக் கூடாது. சமைக்காத காய்கறி கூடாது. கூட்டத்துக்குப் போகக் கூடாது. வீட்டுக்குள் தொட்டி மண் கூடாது. என் சிறுநீரகத்தை அவர் உடம்பு எதிர்க்காமல் இருக்க எதிர்ப்புச் சக்தியை மருந்து கொடுத்து அமுக்கி வைப்பார்கள். அப்படிப்பட்ட உடம்புக்கு மண்ணில் இருக்கும் பூஞ்சையே நிமோனியாவைக் கொண்டுவரும்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு வந்தவர் அங்கே நிறுத்தினார்.

"ஒரே ஒரு செடிதான் டாக்டர்."

"ஒண்ணா இருந்தாலும் மண்ணு மண்ணுதானே சார்," என்றார் டாக்டர். "மேடம் பாத்துக்கட்டும். நீங்க தள்ளி நின்னு பாருங்க."

செடி பால்கனிக்குப் போனது.

அறுவை சிகிச்சை முடிந்த நான்காம் நாள், என் தையலைக் கையால் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்துபோய் அவருடைய அறைக் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். உள்ளே நர்ஸ் அவர் கையில் ஒரு லிட்டர் பாட்டிலைக் கொடுத்து, குடிங்க சார், இன்றைக்கு மூன்று லிட்டராவது குடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குப் புரியவில்லை. பாட்டிலைப் பார்த்தார், நர்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். குடித்தார். பாதியில் நிறுத்துவார் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு இன்னொன்று கேட்டார். நான் அழுதேன். என் திருமண நாளில்கூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் இருந்ததில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எங்கு பார்த்தாலும் தண்ணீர். கட்டில் பக்கம், மேசைமேல், குளியலறை வாசலில் எல்லாம் பாட்டில்கள். குடிச்சீங்களா, குடிச்சீங்களா என்று அரை மணிக்கு ஒருமுறை கேட்பேன். மூன்று வருடம் தண்ணீரைப் பூட்டி வைத்தவள் நான். திறந்துவிடும் உரிமை கிடைத்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. செடிக்கு நடந்தது இதனால்தான்.

பால்கனி மேற்குப் பார்த்தது. வெயில் படாமல் செடியைத் தள்ளி வைக்க ஷைனி தொட்டியை இழுத்தபோது பிளாஸ்டிக் தொட்டி மேலிருந்து கீழ் வரை பிளந்துவிட்டது. உள்ளே மண்ணே இல்லை என்று சொல்லலாம். வேர்கள் ஒன்றையொன்று சுற்றிச் சுற்றித் தொட்டியின் வடிவத்திலேயே இறுகியிருந்தன. அவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனை எடுத்து என்னைக் கூப்பிட்டார்.

"அது ரொம்பப் பெருசாயிருச்சு. ரெண்டாப் பிரிச்சுதான் வைக்கணும். இன்னிக்கு வேணாம். ஈரத்துணியில சுத்தி வச்சுட்டு நாளைக்குக் காலையில செய். அவசரப்படாத மெர்சி."

அவசரப்படாத மெர்சி என்பதை எனக்குத் திருமணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். அன்று மதியமே செய்தேன்.

பாரம் தூக்கக் கூடாதென்று எனக்குத் தடை. ஷைனி வேர்க்கட்டியைப் பிடித்துக்கொண்டாள். கிறிஸ்துமஸ் கேக் வெட்டும் பல் வைத்த கத்தியால் நான் அறுத்தேன். கையால் மெல்லப் பிரித்தால் வேர்கள் அறாமல் வரும் என்று அவர் போனில் சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு அதற்குப் பொறுமை இல்லை. வேர்கள் அறுபடும் சத்தம் எனக்குக் கேட்டது. குனிந்து அழுத்தியபோது தையல் இருந்த இடம் இழுத்தது, நிமிர்ந்து நின்று மூச்சு வாங்கிவிட்டு மறுபடி குனிந்தேன்.

இரண்டு பாகம். இரண்டுக்கும் பெரிய தொட்டியாக வாங்கி வரச் சொன்னேன். பிள்ளைகளுக்குச் சீருடை ஒரு அளவு பெரிதாகத் தைப்பது போல, வளரட்டுமே என்று. தாராளமாக மண்புழு உரம் போட்டேன். தொட்டி நிரம்பி வழியத் தண்ணீர் ஊற்றினேன்.

மூன்றாம் நாள் தொங்கியது. தாகம் என்று நினைத்தேன். ஊற்றினேன். ஆறாம் நாள் படுத்தது. காலையும் மாலையும் ஊற்றினேன். அரிசி கழுவிய தண்ணீர் நல்லது என்று கீழ் வீட்டில் சொன்னார்கள், அதையும் ஊற்றினேன்.

"தண்ணி ஊத்துறியா?" என்று அவர் ஜன்னலுக்குப் பின்னாலிருந்து கேட்டார்.

"இல்லங்க. நீங்க சொன்ன மாதிரி விரல் வச்சுப் பாத்துதான்."

பொய். அவர் தூங்கும் நேரம் பார்த்து ஊற்றிக்கொண்டிருந்தேன்.

நான் ஏழாம் வகுப்புக்கு நீராவிப்போக்கு (இலைகள் வழியே நீர் ஆவியாக வெளியேறுவது) நடத்துகிறவள். வேர் உறிஞ்சும் வேகத்தைவிட இலை இழக்கும் வேகம் கூடினால் செடி வாடும் என்று கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். மண்ணில் தண்ணீர் இருந்தும் செடி ஏன் வாடுகிறது என்பது நானே கேட்கும் இரண்டு மதிப்பெண் கேள்வி. என் பால்கனியில் அந்தக் கேள்விக்கு நான் வாங்கியிருக்க வேண்டியது சுழி.

பன்னிரண்டாம் நாள் இலைகள் மஞ்சளாயின. மண்ணிலிருந்து சாக்கடை போல ஒரு நாற்றம். அன்று அவர் ஜன்னலுக்கு வரவில்லை. கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். "போனாப் போகுது விடு," என்றார். பிறகு, என்னிடம் சொல்லாதது போல, "புது இடத்துல வச்சா ஒத்துக்காது போல," என்றார். அவருக்குள் இருக்கும் என் சிறுநீரகத்தை நினைத்துத்தான் சொல்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. எனக்குப் பயம் வந்தது. அந்தச் செடி செத்தால் இவர் மனம் விட்டுவிடுவார் என்று நிச்சயமாக நினைத்தேன். அறிவியல் ஆசிரியை நினைக்கக் கூடாத நினைப்புதான். நோயாளியோடு இருப்பவர்களுக்கு இப்படி ஏதாவது ஒன்று பிடித்துக்கொள்ளும், அதை விரட்ட முடியாது.

இரண்டு பாகங்களையும் வாளியில் எடுத்துக்கொண்டு ஷைனியின் ஸ்கூட்டியில் படப்பைக்குப் போனேன். சாலையோரத்தில் ஒரு நர்சரி. அதை நடத்திய பெண்ணுக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு இருக்கும். வாளிக்குள் எட்டிப் பார்த்த உடனே மூக்கைச் சுளித்தாள்.

"இன்னாக்கா இது, இப்டி ஊறிப்போய்க் கீது? தெனம் தண்ணி ஊத்துனியா?"

அவளிடம் பொய் சொல்ல முடியவில்லை. "ரெண்டு வேளை," என்றேன்.

"வேரு அறுந்து கீதுக்கா. அறுந்த வேரு எப்டித் தண்ணி குடிக்கும்? நீ ஊத்துறது அத்தச் சுத்தி அப்டியே நின்னுகினு கீது. மூச்சு வுட முடியாம அழுவிப்பூடும்."

குழாயடியில் வைத்து மண்ணைக் கழுவினாள். பெரிய பாகத்தின் வேர்கள் கருத்துக் குழைந்து கையோடு வந்தன. "இது பூட்ச்சு," என்று ஓரமாகப் போட்டாள். சின்ன பாகத்தின் அடியில் விரலால் தடவிப் பார்த்தாள். மூன்றோ நான்கோ வேர்கள் வெள்ளையாக, கெட்டியாக இருந்தன.

"இதுல உசுரு கீது பாரு."

கருத்ததையெல்லாம் வெட்டிவிட்டு, இலைகளையும் வெட்டச் சொல்லிக் கத்தரியை என்னிடம் நீட்டினாள். பச்சையாக இருந்த இலைகளையும்தான். எனக்குக் கை வரவில்லை.

"நாலு வேர வச்சிகினு பத்து எலைக்கு அது எங்கேந்துக்கா குடுக்கும்? பாதிய எடு. இருக்கிறத வச்சி அது பொளைக்கட்டும்."

வெட்டினேன். அவள் அதை ஒரு டீ டம்ளரைவிடக் கொஞ்சம் பெரிய தொட்டியில் வைத்தாள். உரம் இல்லை, மணலும் தேங்காய் நாரும் கலந்த மண் மட்டும். மேலே கண்ணாடி போலத் தெரியும் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து, மூச்சுக்கு இரண்டு ஓட்டை போட்டாள். நிழலில் வை, மேல்மண் காயாமல் ஊற்றாதே, இரண்டு மாதத்துக்கு உரம் காட்டாதே, வேர் விட்டதா என்று பிடுங்கிப் பார்க்காதே என்றாள். எத்தனை நாளில் தேறும் என்று கேட்டேன். டாக்டரிடமும் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அது இன்னா சொல்லிட்டா செய்யும்? சும்மா இரு, அதான் வைத்தியம்," என்றாள்.

உங்கள் வீட்டுச் செடி பிரித்து நட்ட பிறகு வாடினால் நானும் இதையேதான் சொல்வேன். முதலில் மண்ணைத் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தும் வாடினால் அது தாகம் அல்ல, அதிர்ச்சி. அந்த நேரத்தில் அன்பு காட்டுகிறேன் என்று எதையும் ஊற்றாதீர்கள். வீட்டில் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் இருந்தால் மண் வேலையை வேறொருவர், வீட்டுக்கு வெளியே, முகக்கவசமும் கையுறையும் போட்டுச் செய்யட்டும். சும்மா இருப்பதுதான் இதில் கஷ்டம். நான் பைக்குள் கையை விடாமலிருக்க ஷைனி பால்கனிக் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனாள்.

ஐந்து வாரம் ஒன்றும் நடக்கவில்லை. ஆறாவது வாரம் ஒருநாள் காலை அவர் ஜன்னலைத் தட்டிக் கூப்பிட்டார். வெட்டிய காம்புகளுக்கு நடுவே பென்சில் முனை அளவுக்குச் சுருண்ட ஒரு குருத்து. அவர் அதைக் கண்ணாடி வழியாகவே போட்டோ எடுத்து ஷைனிக்கு அனுப்பினார். கீழே "நல்லாயிருக்கார்" என்று எழுதினார். செடிக்கு மரியாதை கொடுத்து எழுதியது அதுதான் முதல் முறை.

பிறகு நல்ல மாதங்கள் வந்தன. அவர் வேலைக்குத் திரும்பினார். கம்பெனி பஸ்ஸில் முகக்கவசத்தோடு, மடியில் இரண்டு லிட்டர் பாட்டிலோடு போவார். செடி பையை விட்டு வெளியே வந்து ஒவ்வொரு இலையாக விட்டது. ஜன்னலுக்குப் பின்னாலிருந்து அவர் விரலைக் காட்டுவார், நான் என் விரலை மண்ணுக்குள் விட்டு, ஈரமா இல்லையா என்று தலையாட்டிச் சொல்வேன். கடைத்தெருவில் இளநீர்க்காரரிடம் நின்று ஒன்றல்ல, இரண்டு இளநீர் குடித்தார். அதற்கு முன்பு மூன்று வருடம் அந்த வண்டியைத் தாண்டும்போது பேச்சை மாற்றுவோம்.

பன்னிரண்டாம் மாதம் கிரியேட்டினின் கொஞ்சம் ஏறியது. மறுவாரம் இன்னும் கொஞ்சம். பயாப்சி (ஊசியால் சிறு துணுக்கு எடுத்துப் பார்ப்பது) செய்தார்கள். நிராகரிப்பு (பொருத்திய உறுப்பை உடம்பு அந்நியம் என்று கண்டுகொண்டு தாக்குவது) தொடங்கியிருந்தது. மாத்திரை ஒரு வேளைகூடத் தவறியதில்லை. ஊசி மருந்து போட்டார்கள், இரத்தத்திலிருந்து எதிர்ப்பொருளை (அந்நிய உறுப்பைத் தாக்க உடம்பு உண்டாக்கும் புரதம்) பிரித்தெடுத்தார்கள். இரண்டு மாதம் அப்படிப் போனது. ஒவ்வொரு வாரமும் அவர் கால் கொஞ்சம் கொஞ்சமாக வீங்கியது.

பதினான்காம் மாத முடிவில் டாக்டர் எங்களை உட்காரவைத்தார். மறுபடி டயாலிசிஸ் தொடங்க வேண்டும் என்றார். நான் ஒரே கேள்விதான் கேட்டேன்.

"என் கிட்னி சரியில்லையா டாக்டர்?"

"அப்படி நினைக்கவே கூடாதும்மா. உங்களுது நல்ல கிட்னி. அவர் உடம்பு ஏத்துக்கலை. யார் மேலயும் தப்பு இல்லை."

நடைபாதைக்கு வந்ததும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்னுதை வீணாக்கிட்டேன் மெர்சி," என்றார். எனக்கு வந்தது அழுகை அல்ல, கோபம். இன்னொரு முறை அப்படிச் சொன்னால் இங்கேயே விட்டுவிட்டுப் போய்விடுவேன் என்றேன். நடைபாதையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்து பால்கனிக் கதவைத் திறந்தேன். பிரித்து நட்டதிலிருந்து பூக்காத செடி அன்று பூத்திருந்தது. நேராக நிமிர்ந்த ஒரு காம்பு, உச்சியில் அப்பழுக்கில்லாத ஒரு வெள்ளை மடல். அதைப் பார்த்ததும் எனக்கு ஏற்பட்ட வெறுப்பை இன்றுவரை என்னால் நம்ப முடியவில்லை. நான் நாற்றமெடுக்கும் வரை தண்ணீர் ஊற்றிக் கொல்லப் பார்த்த ஒன்று, நான்கு வேரோடு பிழைத்துப் பூத்து நிற்கிறது. நான் அறுத்துக் கொடுத்தது செத்துவிட்டது. காம்போடு பூவைக் கிள்ளித் தெருவில் வீசினேன்.

மாலையில் அவர் ஜன்னலுக்கு வந்தார். காலையில் மருத்துவமனைக்குக் கிளம்பும்போதே மொட்டு விரிவதை அவர் பார்த்திருக்கிறார்.

"பூ எங்க?"

"உதிந்துருச்சு."

காம்பு இருந்த இடத்தைப் பார்த்தார். "பீஸ் லில்லிப் பூ உதிராது மெர்சி," என்றார். "அப்படியே காம்புல பச்சையாகி, அப்புறம் காயும்."

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். பூவைக் கிள்ளியதை, செடி வாடிய நாட்களில் அவர் தூங்கும்போது தண்ணீர் ஊற்றியதை, விரல் வைத்துப் பார்க்காமலே பார்த்தேன் என்று சொன்னதை. தரையில் உட்கார்ந்து சத்தமாக அழுதேன். ஷைனி ஓடி வந்தாள். அவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நடந்து வந்து, பால்கனிக் கதவைத் திறந்து, செடிக்கு இரண்டடி தூரத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஊத்தினது எனக்குத் தெரியும்," என்றார். "நாத்தம் ஜன்னல் வரைக்கும் வந்துச்சு. நீ அவ்ளோ சந்தோஷமா தண்ணி ஊத்திக்கிட்டிருந்த. எப்படி நிறுத்தச் சொல்றது?"

மறுவாரம் மறுபடி செவ்வாய், வியாழன், சனி. மறுபடி மேசைமேல் ஒரு லிட்டர் பாட்டில். மற்ற பாட்டில்களை ஷைனி எங்கேயோ கொண்டுபோய் வைத்துவிட்டாள், நான் கேட்கவில்லை.

இரண்டாவது மாற்று அறுவைக்கு வாய்ப்பு குறைவு, அவர் இரத்தத்தில் எதிர்ப்பொருள் அதிகமாகிவிட்டது என்றார் டாக்டர். ஆகவே எதிர்ப்புச் சக்தியை அமுக்கும் மாத்திரைகளைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிடலாம், கேட்க ஏதாவது இருக்கிறதா என்றார். என் கணவர் கேட்டார்.

"அப்ப, மாத்திரை நின்னதும் நான் மண்ணைத் தொடலாமா?"

டாக்டருக்கு ஒரு கணம் புரியவில்லை. என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். "நின்னு கொஞ்ச நாள் போகட்டும் சார். அப்புறம் தொடலாம். கையுறை போட்டுக்கங்க," என்றார்.

மாத்திரைகள் குறைந்துகொண்டே வந்து ஒருநாள் இல்லாமல் போயின. காலை எட்டு, மாலை எட்டு என்று அடித்துக்கொண்டிருந்த அலாரத்தை அவர் போனிலிருந்து எடுத்தேன். இன்னும் கொஞ்ச நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து வந்ததும் அவர் பால்கனியில் போய்த் தரையில் உட்கார்ந்தார். டயாலிசிஸ் ஊசி ஏற்றும் இடது கையை மடியில் வைத்துக்கொண்டார். வலது கையிலிருந்த உறையைப் பல்லால் இழுத்துக் கழற்றினார். நான் வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். சுட்டுவிரலை இரண்டாவது கணு வரைக்கும் மண்ணுக்குள் விட்டார். வெகுநேரம் எடுக்கவில்லை.

"காஞ்சிருக்கு," என்றார். "இன்னிக்கு ஊத்தலாம்."

அவருக்கு மறுபடி மண் கிடைத்ததற்கு நாங்கள் கொடுத்த விலை என் சிறுநீரகம். அந்தக் காட்சியைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேனா என்று கேட்டால், பட்டேன். அதற்காக என்மேல் எனக்குக் கோபமும் வந்தது.

டயாலிசிஸ் பிரிவின் வெளியே பொத்தேரியிலிருந்து வரும் ஒரு பெண் பழக்கமானாள். தன் கணவருக்குச் சிறுநீரகம் கொடுக்கச் சோதனைகள் செய்துகொண்டிருக்கிறாள். ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அக்கா, உங்களுது எவ்ளோ நாள் வேலை செஞ்சுது?"

"பதினாலு மாசம்."

"அவ்ளோதானா?" என்றாள். உடனே உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. என்னுடையதை வைத்து நீ முடிவு பண்ணாதே, பல பேருக்குப் பல வருடம் நன்றாக ஓடுகிறது, டாக்டரைக் கேள் என்று சொன்னேன். அது உண்மைதான். பிறகு இதையும் சொன்னேன்: "பதினாலு மாசம் அவர் தாகம் எடுத்தப்பல்லாம் தண்ணி குடிச்சாரும்மா." அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே அவர் இயந்திரத்தோடு படுத்திருந்தார். இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.

இப்போது என் நாட்கள் டயாலிசிஸ் நாள், டயாலிசிஸ் இல்லாத நாள் என்று இரண்டாகத்தான் இருக்கின்றன. திங்கள், புதன் என்ற பெயர்கள் பள்ளிக்கு மட்டும். என் வயிற்றின் இடப்பக்கம் மழைக்காலத்தில் இழுக்கிறது. அங்கே ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும், ஆனாலும் பஸ்ஸில் கூட்டம் நெருக்கும்போது கை தானாக அந்த இடத்தை மறைக்கப் போகிறது.

வேலை செய்யாத மாற்றுச் சிறுநீரகத்தைப் பெரும்பாலும் வெளியே எடுப்பதில்லை. தொந்தரவு கொடுக்காவிட்டால் அப்படியே விட்டுவிடுவார்கள். இது எனக்கு முன்பு தெரியாது. அவருடைய அடிவயிற்றின் வலப்பக்கம், தோலுக்குக் கீழே, அது இன்னும் இருக்கிறது. போன வாரம் டயாலிசிஸ் இல்லாத ஒரு மதியம், படுத்திருந்தவர் என் கையை எடுத்து அந்த இடத்தில் வைத்தார். உள்ளங்கை அளவுக்கு ஒரு மேடு, கெட்டியாகத் தெரிந்தது.

"சூடா இருக்கா?" என்று கேட்டார்.

அது அவர் உடம்பின் சூடு. எனக்குத் தெரியும்.

"இருக்குங்க," என்றேன். கையை எடுக்கவில்லை.